சின்ன டிரான்ஸ்ஃபார்மருக்கு எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்?

(ஆம்ப்ளிஃபயர், ஸ்டெபிலைசர் பழுது பார்க்கும் தொழிலாளர்களும் ஐ.டி.ஐ. மாணவர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எரிந்துபோன டிரான்ஸ்ஃபார்மரைக் கையில் எடுத்துப் பார்க்காதவர் இந்த அரங்கில் யாரும் இருக்க மாட்டீர்கள். வார்னிஷ் தீய்ந்த அந்த நாற்றம் கடையை விட்டுப் போக இரண்டு நாள் ஆகும். அப்படிப்பட்ட பெட்டியைத் திறந்ததும் ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். பல நேரம் அந்த ஃபியூஸ் நன்றாகவே இருக்கும். உள்ளே கம்பி அறுந்திருக்காது, கண்ணாடி கறுத்திருக்காது. டிரான்ஸ்ஃபார்மர் கரியாகும் வரை அது வழியாகக் கரன்ட் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

ஏன் அப்படி நடக்கிறது, எந்த ஃபியூஸைப் போட்டிருந்தால் நடந்திருக்காது, எந்த ஃபியூஸாலும் தடுக்க முடியாத இடம் எது, இவற்றைத்தான் இன்று பேசப் போகிறேன். பெரிய மின்வாரிய டிரான்ஸ்ஃபார்மர் என் பொருள் அல்ல. உள்ளங்கையில் அடங்குகிற, 230 வோல்ட்டை 12 வோல்ட்டாகவோ 24 வோல்ட்டாகவோ இறக்குகிற சின்ன டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றித்தான் பேச்சு. பெரியதைக் காப்பாற்ற ரிலே உண்டு, பிரேக்கர் உண்டு, பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. சின்னதற்கு ஒரு ஃபியூஸ்தான் உண்டு. அது இருப்பதோ வீட்டுக்குள், துணிக்கும் காகிதத்துக்கும் பக்கத்தில், இரவெல்லாம் பிளக்கில் செருகியபடி.

நம் எல்லோருக்கும் பழகிய ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: 12-0-12, 1 ஆம்பியர். செகண்டரி முனை முதல் முனை வரை 24 வோல்ட், 1 ஆம்பியர். ஆக 24 வோல்ட்-ஆம்பியர். அதை 230ஆல் வகுத்தால் பிரைமரிக் கரன்ட் 0.104 ஆம்பியர். டிரான்ஸ்ஃபார்மர் தானே தின்றுகொள்ளும் கரன்ட்டையும் சேர்த்தால் முழு லோடில் ஏறத்தாழ 0.125 ஆம்பியர், அதாவது 125 மில்லி ஆம்பியர். பிரைமரியை மல்டிமீட்டரில் அளந்தால் 150 ஓம் அளவில் காட்டும் என்று வைத்துக்கொள்வோம். செய்தவரைப் பொறுத்து இது கொஞ்சம் கூடும், குறையும். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 125 மில்லி ஆம்பியர், 150 ஓம். கடைசி வரை இவை வரும்.

முழு லோடு 125 என்றால் 125 மில்லி ஆம்பியர் ஃபியூஸ் போடலாமே என்று தோன்றும். சாதாரண வேகமான கண்ணாடி ஃபியூஸாகப் போட்டுப் பாருங்கள். சுவிட்சைப் போட்டதும் நிற்கலாம். நாளைக்கும் நிற்கலாம். ஒரு வாரம் கழித்து, லோடு ஒன்றுமே இல்லாத நேரத்தில், சுவிட்சைப் போட்ட அந்தக் கணத்தில் போய்விடும். புதிதாக ஒன்று போட்டால் மறுபடி ஒழுங்காக ஓடும். வாடிக்கையாளர் நம் வேலையைச் சந்தேகப்படுவார். நாமும் கைக்கு வந்த 1 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டு அனுப்பிவிடுவோம். இனி அந்த ஃபியூஸ் போகவே போகாது என்ற நிலைமை அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

சுவிட்சைப் போடும்போது உள்ளே நடப்பதைப் பார்ப்போம். டிரான்ஸ்ஃபார்மரின் கோரில் எழும் காந்தப் பாயம் வோல்ட்டேஜோடு சேர்ந்து ஏறி இறங்குவதில்லை. வோல்ட்டேஜ் அரை அலை முழுக்கச் சேர்த்துக்கொடுத்ததை வைத்துத்தான் அது வளர்கிறது. வோல்ட்டேஜ் அலை உச்சியில் இருக்கும்போது சுவிட்ச் விழுந்தால் பாயம் ஒழுங்காகப் பூஜ்யத்திலிருந்து கிளம்பி வழக்கமான உயரத்தை எட்டித் திரும்பிவிடும். ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் வோல்ட்டேஜ் பூஜ்யத்தைக் கடக்கிற நொடியில் சுவிட்ச் விழுந்தால், முதல் அரை அலை முழுவதும் பாயத்தை ஒரே திசையில் தள்ளிக்கொண்டே போகும். 10 மில்லி செகண்டின் முடிவில் பாயம் வழக்கத்தைப் போல இரண்டு மடங்குக்குப் போக வேண்டும். போன தடவை அணைத்தபோது இரும்பில் தங்கிய காந்தமும் அதே திசையில் இருந்தால் இன்னும் அதிகம். சிக்கனமாகச் செய்த ஸ்டாம்பிங்குக்கு அவ்வளவு இடமில்லை. கோர் நிறைந்துபோகிறது. நிறைந்துபோன கோருக்கு மேல் சுற்றிய காயில் வெறும் செம்புக் கம்பிதான்; கரன்ட்டைத் தடுக்க அதன் 150 ஓம் மட்டுமே மிச்சம்.

230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். அதை 150ஆல் வகுத்தால் 2 ஆம்பியருக்குச் சற்று மேல். அந்த எல்லையை முழுதாகத் தொடாவிட்டாலும் முழு லோடைப் போலப் பத்துப் பதினைந்து மடங்கு கரன்ட் ஒரு சில மில்லி செகண்டுக்குப் பாயும். அடுத்தடுத்த அலைகளில் அது தணிந்து அடங்கிவிடும். சுவிட்ச் எந்த நொடியில் விழுகிறது என்பது நம் கையில் இல்லை. அதனால்தான் ஒன்பது தடவை நின்ற ஃபியூஸ் பத்தாவது தடவை போகிறது. அது ஃபியூஸின் தரக்குறைவும் இல்லை, டிரான்ஸ்ஃபார்மரின் பழுதும் இல்லை. இது புரிந்த தொழிலாளி பெரிய ஃபியூஸைத் தேட மாட்டார். நிதானமான ஃபியூஸைத் தேடுவார்.

அந்த நிதானத்தைத்தான் ஃபியூஸின் மூடியில் பொறித்திருக்கிறார்கள். 5க்கு 20 மில்லிமீட்டர் கண்ணாடி ஃபியூஸை வாங்கி, லென்ஸ் வைத்து உலோக மூடியைப் படியுங்கள். ஆம்பியர் எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும். எஃப் என்றால் வேகமானது, டி என்றால் தாமதமானது. இந்த ஃபியூஸ்களுக்கான சர்வதேசத் தரம் ஐ.இ.சி. 60127. அதில் இந்த இரண்டு எழுத்துகளுக்கும் உள்ள வித்தியாசம் துல்லியமாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. 160 மில்லி ஆம்பியர் ஃபியூஸ்கள் இரண்டை எடுத்து, இரண்டிலும் பத்து மடங்கு, அதாவது 1.6 ஆம்பியர், செலுத்துகிறோம். எஃப் வகை 20 மில்லி செகண்டுக்குள் அறுந்தே ஆக வேண்டும். கண்ணாடிக் குழாயில் வருகிற சாதாரண டி வகை 20 மில்லி செகண்டுக்கு முன் அறுந்துவிடக் கூடாது. 300 மில்லி செகண்ட் வரை நேரம் எடுத்துக்கொள்ளலாம். 50 ஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் சரியாக 20 மில்லி செகண்ட். டிரான்ஸ்ஃபார்மரின் முதல் அலையை ஒன்று தாங்காது போகலாம். இன்னொன்று தாங்கும்படியே செய்யப்பட்டது.

ஆகவே பிரைமரியில் எப்போதும் டி. இதில் பேரம் வேண்டாம்.

இனி எண். முழு லோடுக் கரன்ட்டைப் போல 1.25 மடங்கிலிருந்து 1.5 மடங்குக்குள், கிடைக்கிற அளவில் ஒன்று. நம் 125ஐ 1.25ஆல் பெருக்கினால் 156. கடையில் கிடைப்பது 160. அதுதான் நமக்கு வேண்டியது: டி 160 மில்லி ஆம்பியர், 250 வோல்ட்.

ஃபியூஸ் அளவுகள் 100, 125, 160, 200, 250, 315, 400, 500, 630, 800 என்று ஏன் இப்படி விநோதமாகப் போகின்றன என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். 1870களில் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் ஷார்ல் ரெனார், பலூன்களுக்கான கயிறுகளில் இருந்த 425 அளவுகளை 17ஆகக் குறைத்தார். ஒவ்வோர் அளவும் முந்தையதைப் போல ஒரே விகிதத்தில் கூட வேண்டும் என்பது அவர் கண்ட வழி. பத்துப் படியில் பத்து மடங்கு ஏற வேண்டுமானால் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 1.26 மடங்கு. நம் கையில் இருக்கும் 315உம் 630உம் அந்தக் கணக்கில் வந்தவை. இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது: ஒரு படி தவறினால் தவறு கால் பங்குதான். 160 இல்லாத நாளில் 200 போடலாம். 500 போடக் கூடாது.

500 போட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே காட்டிவிடுகிறேன். இன்றைய பேச்சில் இதுதான் எனக்கு முக்கியம்.

செகண்டரியில் முழு ஷார்ட் விழுந்துவிட்டது என்று வையுங்கள். பிரிட்ஜில் ஒரு டயோடு ஷார்ட் ஆனால் இதுதான் நடக்கும். செகண்டரி ஷார்ட் ஆனால் பிரைமரியில் கரன்ட் எக்கச்சக்கமாக ஏறிவிடும் என்றுதான் நாம் நினைப்போம். பெரிய டிரான்ஸ்ஃபார்மரில் அப்படித்தான். சின்னதில் கம்பி மெல்லியது, சுற்று அதிகம், அதனால் அதன் சொந்தத் தடையே அதிகம். பிரைமரிக்கு 150 ஓம். செகண்டரியின் தடையைப் பிரைமரிப் பக்கக் கணக்குக்கு மாற்றினால் அதுவும் ஏறத்தாழ அதே அளவு. மொத்தம் 300 ஓம். 230ஐ 300ஆல் வகுத்தால் 0.77 ஆம்பியர். கம்பி சூடாகத் தொடங்கியதும் தடை ஏறும், கரன்ட் 0.7க்கு இறங்கும்.

அவ்வளவுதான். முழு ஷார்ட்டிலும் 0.7 ஆம்பியர்.

இப்போது ஃபியூஸைப் பாருங்கள். நாம் போட்ட டி 160க்கு இது நான்கு மடங்குக்கும் மேல். நான்கு மடங்கில் 3 செகண்டுக்குள் அறுந்தாக வேண்டும் என்பது தரத்தின் விதி. அறுந்துவிடும், டிரான்ஸ்ஃபார்மர் தொட்டால் இளஞ்சூடாகக்கூட இருக்காது. அதே இடத்தில் 500 மில்லி ஆம்பியர் இருந்தால்? 0.7 என்பது அதற்கு 1.4 மடங்கு. 1.5 மடங்கு கரன்ட்டைக் குறைந்தது ஒரு மணி நேரம் அறுந்துவிடாமல் தாங்க வேண்டும் என்று அதே தரம் சொல்கிறது. ஆக அந்த ஃபியூஸ் தன் கடமையைச் சரியாகச் செய்துகொண்டு நிற்கிறது. 230 வோல்ட், 0.7 ஆம்பியர்: 160 வாட். வழக்கமாக நாலைந்து வாட் சூட்டை வெளியே விடுவதற்காகச் செய்யப்பட்ட ஒரு முஷ்டியளவுப் பொருளுக்குள் 160 வாட் சூடு. சால்டரிங் அயர்ன் 25 வாட்டில் ஈயத்தை உருக்குகிறது. 160 வாட்டில் பாபினும் காகிதமும் என்ன ஆகும் என்று இந்த அரங்கில் விளக்க வேண்டியதில்லை.

எரிந்த டிரான்ஸ்ஃபார்மரை அடுக்கு அடுக்காகப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு தடவையாவது பாருங்கள். வெளியே சுற்றியிருக்கும் செகண்டரியில் எனாமல் பழுப்பு ஏறியிருக்கும், ஆனால் முழுசாக இருக்கும். உள்ளே போகப் போகக் காகிதம் தேநீர் நிறத்திலிருந்து கறுப்பாகி, கடைசியில் விரல் பட்டதும் பொடியாக உதிரும். பிரைமரி பெரும்பாலும் உள்ளேதான் சுற்றப்படுகிறது. அதன் சூடு வெளியே வர வழி இல்லை. அங்கே எனாமல் போய்ப் பக்கத்துச் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்ட இடம் சின்ன செம்பு மணிகளாக உருகி நிற்கும். சுற்றுகள் தொட்டுக்கொள்ளத் தொடங்கிய பிறகுதான் கரன்ட் உண்மையிலேயே எக்கச்சக்கமாக ஏறும். சில நேரம் பெரிய ஃபியூஸும் அப்போது போகும். அதற்குள் காப்பாற்ற ஒன்றும் இல்லை.

ஒரு கோயில் திருவிழா மைக்செட் ஆம்ப்ளிஃபயரை நான் திறந்தபோது பார்த்ததையும் சொல்லியாக வேண்டும். ஃபியூஸ் ஹோல்டரில் பழைய கண்ணாடி ஃபியூஸ், அதன் இரண்டு மூடிகளுக்கும் குறுக்கே ஒற்றைச் செம்பு இழை இறுக்கிச் சுற்றப்பட்டிருந்தது. ஒயரிலிருந்து உருவிய இழை. வீட்டு மெயின் போர்டில் பீங்கான் கட்டைக்கு ஃபியூஸ் கட்டிய கை செய்த வேலை அது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மைக்ரோமீட்டரில் அளந்தேன், 0.2 மில்லிமீட்டர். முக்கால் சதுர மில்லிமீட்டர் ஃபிளெக்சிபிள் ஒயரில் இப்படி 24 இழை இருக்கும். செம்புக் கம்பி எந்தக் கரன்ட்டில் உருகும் என்பதற்கு வில்லியம் பிரீஸ் என்ற பிரிட்டிஷ் தந்திப் பொறியாளர் 1884 முதல் சோதனைகள் செய்து ஒரு விதி தந்தார்: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதன் ஒன்றரை அடுக்கை 80ஆல் பெருக்கினால் ஆம்பியர். 0.2க்குப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 7 ஆம்பியர் வரும். நம் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியும் ஏறத்தாழ அதே 0.2 மில்லிமீட்டர் கம்பியால், 35, 36 கேஜில்தான் சுற்றப்பட்டிருக்கும். அதாவது காப்பாற்ற வந்த கம்பியும் காப்பாற்றப்பட வேண்டிய கம்பியும் ஒரே தடிமன். ஒன்று காற்றில் குளிர்ந்தபடி இருக்கிறது. மற்றது ஆயிரக்கணக்கான சுற்றுகளுக்கு அடியில் புழுங்குகிறது. எது முதலில் போகும்? அந்த இழையைக் கட்டியவர் டிரான்ஸ்ஃபார்மரையே ஃபியூஸாக மாற்றிவிட்டார்.

இனி, ஃபியூஸால் முடியாத காரியத்துக்கு வருகிறேன். சரியான டி 160ஐப் போட்டுவிட்டோம். நிம்மதியாகத் தூங்கலாமா? 160இன் ஒன்றரை மடங்கு 240 மில்லி ஆம்பியர். அதை ஒரு மணி நேரம் தாங்குவது அதன் கடமை என்று சொன்னேன். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் முழு லோடு 125. 240 என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கம்பியில் எழும் சூடு கரன்ட்டின் வர்க்கத்தோடு ஏறுவதால் செம்பின் சூடு ஏறக்குறைய நான்கு மடங்கு. ஷார்ட் இல்லை, ஆனால் லோடு அதிகம். ஃபியூஸ் அசையாமல் இருக்கும், டிரான்ஸ்ஃபார்மர் மெல்ல வெந்துகொண்டிருக்கும். இன்சுலேஷனின் ஆயுளை ஆராய்ந்த மான்ட்சிங்கர் 1930இல் வெளியிட்ட முடிவு இன்றும் பொறியாளர்கள் கையாளும் கணக்கு: வெப்பம் 8 முதல் 10 டிகிரி ஏறும் ஒவ்வொரு முறையும் ஆயுள் பாதியாகிறது. ஏ வகுப்பு இன்சுலேஷன் 105 டிகிரிக்கு ஏற்றது. அதை 135இல் ஓட்டினால் இருபது வருடம் வர வேண்டியது இரண்டரை வருடத்தில் முடிந்துபோகும்.

இது நம் குறைபாடு அல்ல, ஃபியூஸின் இயல்பு. அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பும் இதை ஏற்றுக்கொண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது. பிரைமரியில் மட்டும் ஃபியூஸ் உள்ள டிரான்ஸ்ஃபார்மருக்கு, அதன் பிரைமரிக் கரன்ட் 9 ஆம்பியரோ அதற்கு மேலோ என்றால் 125 சதவீதம் வரை ஃபியூஸ் போடலாம். 2 ஆம்பியருக்குக் கீழ் என்றால் 300 சதவீதம் வரை போடலாம். சின்னதற்குத் தளர்வு, பெரியதற்கு இறுக்கம். சுவிட்ச் போடும் கணத்துக் கரன்ட்டுக்கு இடம் கொடுத்தாக வேண்டும் என்பதே காரணம். அங்கே தயாராகும் ஃபியூஸும் வேறு தரத்தில் அளக்கப்படுகிறது: அமெரிக்கத் தரத்தில் 135 சதவீதக் கரன்ட்டில் ஒரு மணி நேரத்துக்குள் அறுந்தாக வேண்டும், இங்கே 150 சதவீதத்தில் ஒரு மணி நேரம் தாங்கியாக வேண்டும். அமெரிக்கச் சாதனத்தில் 160 என்று போட்டிருப்பதற்கு நம் ஊர் 160ஐப் போட்டால் இரண்டும் ஒன்றாகாது. இது போகிற போக்கில் சொல்வது. வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அதிக லோடிலிருந்து யார் காப்பாற்றுவது? இரண்டு பேர் இருக்கிறார்கள்.

முதலில் செகண்டரி ஃபியூஸ். செகண்டரியில் கோர் நிறையும் பிரச்சினையே கிடையாது. அந்தக் கரன்ட் பிரைமரியில் மட்டும்தான். கண்டென்சர் சார்ஜ் ஆகும் அந்தக் கண நேரத் துள்ளலை ஒரு டி ஃபியூஸ் தாங்கிக்கொள்ளும். அதனால் செகண்டரி ஃபியூஸை உண்மையான லோடுக்கு நெருக்கமாகப் போடலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பிரிட்ஜும் கண்டென்சரும் போட்டு டி.சி. எடுத்தால், கரன்ட் அலையின் உச்சியில் மட்டும் குத்துக் குத்தாகப் பாய்கிறது. மீட்டர் காட்டுகிற டி.சி. ஒன்று, காயிலைச் சூடாக்குகிற கரன்ட் இன்னொன்று. 1 ஆம்பியர் செகண்டரியிலிருந்து பிரிட்ஜ் வழியாக 0.6 ஆம்பியர் அளவு டி.சி.தான் எடுக்கலாம். 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர்தானே என்று 1 ஆம்பியர் டி.சி. எடுப்பவர்கள் அதிக லோடில்தான் ஓட்டுகிறார்கள், தெரியாமலே. இந்த ஒரு கணக்குத் தெரியாமல் வெந்துபோன டிரான்ஸ்ஃபார்மர்கள் எவ்வளவோ.

12-0-12இல் இரண்டே டயோடு போட்டு, நடு முனையைக் கிரவுண்ட் ஆக்கும் சர்க்யூட்டும் நம்மிடம் நிறைய ஓடுகிறது. அதில் செலவைக் குறைக்கச் சிலர் நடு முனையில் ஒரே ஒரு ஃபியூஸ் போடுகிறார்கள். தாளில் வரைந்து பாருங்கள். ஒரு டயோடு ஷார்ட் ஆனால், மற்ற டயோடு கடத்துகிற அரை அலையில் இரண்டும் சேர்ந்து 24 வோல்ட்டையும் முனைக்கு முனை ஷார்ட் செய்கின்றன. அந்தக் கரன்ட் ஒரு முனையில் கிளம்பி மறுமுனையில் திரும்பிவிடுகிறது. நடு முனையைத் தொடுவதே இல்லை. நடுவில் உள்ள ஃபியூஸ் எல்லாம் நலம் என்று இருக்கும். ஆகவே இரண்டு வெளி முனையிலும் ஆளுக்கொரு ஃபியூஸ். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் பல செகண்டரி இருந்தாலும் இதே நியாயம்தான். 100 வோல்ட்-ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரில் டிஸ்பிளேக்கென்று 5 வோல்ட்-ஆம்பியர் அளவில் மெல்லிய கம்பியில் ஒரு சுற்று இருக்கும். அது முழு ஷார்ட் ஆனாலும் பிரைமரி ஃபியூஸ் கவனிக்காது. அந்தச் சுற்றுக்குத் தனி ஃபியூஸ் வேண்டும்.

இரண்டாவது, தெர்மல் ஃபியூஸ். இது கரன்ட்டைப் பார்ப்பதில்லை, சூட்டைப் பார்க்கிறது. பிரைமரிக்கு மேல், டேப்புக்கு அடியில், 115 அல்லது 130 டிகிரிக்கு ஒன்று வைத்திருப்பார்கள். அந்தச் சூட்டைத் தொட்டதும் திறந்துகொள்ளும், திரும்ப மூடாது. மிகச் சின்ன அடாப்டர் டிரான்ஸ்ஃபார்மர்களில், இரண்டு மூன்று வோல்ட்-ஆம்பியர் அளவில், இதுதான் உண்மையான காவல். அவற்றின் காயில் தடை அவ்வளவு அதிகம். முழு ஷார்ட்டிலும் பிரைமரிக் கரன்ட் இரண்டு மூன்று மடங்கைத் தாண்டாது. எந்த கரன்ட் ஃபியூஸாலும் அந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது.

இங்கேதான் உங்களிடம் மனம்விட்டுக் கேட்டுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அடாப்டர் செத்துவிட்டது, பிரைமரி ஓப்பன் என்று வரும். டேப்பை உரித்தால் தெர்மல் ஃபியூஸ் போயிருக்கும். குறுக்கே ஒரு கம்பியைச் சால்டர் செய்தால் உயிர் வந்துவிடும், வாடிக்கையாளரும் சந்தோஷப்படுவார். தயவுசெய்து செய்யாதீர்கள். சூடு ஏறியதால் போன ஃபியூஸ் அது. சூட்டுக்குக் காரணம் உள்ளேயே இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, அதே டிகிரியில் புதியதைப் போடுங்கள். சால்டர் செய்யும்போது ஃபியூஸுக்கும் முனைக்கும் நடுவே காலை மூக்கு பிளையரால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அயர்னின் சூட்டிலேயே அது திறந்துகொள்ளும். அந்த அடாப்டரைப் படுக்கைக்குப் பக்கத்தில் செருகிவிட்டுத் தூங்கப் போவது ஒரு கைக்குழந்தையின் தாயாக இருக்கலாம்.

டொராய்டல் கோரைப் பற்றிச் சுருக்கமாக. வளைய வடிவக் கோரில் காற்று இடைவெளி கிடையாது, காந்தம் அதிகம் தங்கும், கம்பித் தடையும் குறைவு. 300 வோல்ட்-ஆம்பியர் டொராய்டுக்கு முழு லோடு 1.3 ஆம்பியர். அதன் பிரைமரி 5 ஓம் என்றால் சுவிட்ச் போடும் கணத்தில் 325ஐ 5ஆல் வகுத்து 65 ஆம்பியர் வரை போக இடமிருக்கிறது, ஐம்பது மடங்கு. இதற்கு டி ஃபியூஸின் நிதானமும் போதாமல் போகலாம். அப்போது ஃபியூஸைப் பெரிதாக்காமல் கரன்ட்டைச் சிறிதாக்குங்கள்: வரிசையில் 47 ஓம் வயர்வவுண்ட் ரெசிஸ்டர், அரை செகண்டில் அதை ஷார்ட் செய்ய ஒரு ரிலே. உச்சக் கரன்ட் ஏறத்தாழ 6 ஆம்பியரில் அடங்கிவிடும், டி 1.6 ஃபியூஸே நிற்கும்.

ஃபியூஸின் மூடியில் இன்னொரு எழுத்தும் உண்டு, எல் அல்லது ஹெச். கண்ணாடி ஃபியூஸ் எல். அது பத்திரமாக அறுக்கக்கூடிய கரன்ட் 35 ஆம்பியர், அல்லது அதன் அளவின் பத்து மடங்கு, இதில் எது பெரியதோ அது. மணல் அடைத்த பீங்கான் ஃபியூஸ் ஹெச். 1500 ஆம்பியர் வரை அறுக்கும். டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஷார்ட் என்றால் காயில் தடை கரன்ட்டைக் கட்டுப்படுத்தும், கண்ணாடி போதும். டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னாலேயே, ஹோல்டரிலோ சுவிட்சிலோ, ஃபேஸும் நியூட்ரலும் தொட்டுக்கொண்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வரும். கண்ணாடி வெடித்து, உள்ளே தீப்பொறி அணையாமல் நிற்கக்கூடும். மெயின் லைனில் பீங்கான் ஃபியூஸ் போடுவதற்கு ஆகும் அதிகச் செலவு ஒரு தேநீர்க் காசுதான். ஹோல்டரில் ஃபேஸ் ஒயரை ஆழத்தில் இருக்கும் முனையில் சால்டர் செய்யுங்கள், பக்கவாட்டு முனையில் வேண்டாம். பிளக்கைப் பிடுங்க மறந்து மூடியைக் கழற்றுகிறவரின் விரல் தப்பிக்கும்.

கடைசியாக, போன ஃபியூஸுக்குப் பதில் புதியது போடுவதற்கு முன் என்ன செய்வது என்று முன்வரிசையில் ஒரு தம்பி பேச்சு தொடங்கும் முன்பே கேட்டார். ஒவ்வொன்றாக ஃபியூஸ் போட்டுப் போட்டுப் பார்க்க வேண்டாம். நம் கடைகளில் சீரியல் போர்டு இருக்கிறதே, குண்டு பல்பை வரிசையில் வைத்தது, அது போதும். ஆனால் அதில் 100 வாட் பல்பு மாட்டியிருக்கும். அது சின்ன டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆகாது, ஏனென்றால் 100 வாட் பல்பு 0.43 ஆம்பியர் வரை விட்டுவிடும். 25 வாட் மாட்டுங்கள். 25ஐ 230ஆல் வகுத்தால் 0.109. நம் டிரான்ஸ்ஃபார்மரின் முழு லோடுக் கரன்ட்டை அது தாண்டாது. உள்ளே முழு ஷார்ட் இருந்தாலும் பிரைமரிக்கு இதற்கு மேல் கரன்ட் வராது, நிதானமாகச் சோதிக்கலாம். செகண்டரி ஒயர்களைக் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னிவிட்டு இழை தெரியாத அளவுக்கு அடங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் நலம். அந்த மின்னல்தான் நாம் இவ்வளவு நேரம் பேசிய முதல் அலைக் கரன்ட். நாலைந்து தடவை போட்டு அணைத்துப் பாருங்கள், சில தடவை மின்னும், சில தடவை மின்னாது. எப்போது போட்டாலும் பல்பு பிரகாசமாகவே எரிந்தால் காயிலுக்குள் சுற்றுகள் தொட்டிருக்கின்றன, ரீவைண்டிங்தான். காயில் நலமாக இருந்து, செகண்டரி ஒயர்களை மாட்டிய பிறகு பிரகாசமாகவே எரிந்தால் பிரிட்ஜைப் பாருங்கள், பிறகு கண்டென்சரை. இரண்டும் சரியான பிறகு டி 160.